காலிதா பேரில் எழுதிய சீக்கு

சீக்கு நஃபீசாவுக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததோ காலிதாவின் பெயர்.

மதுரையில் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்து வந்த மகளை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு, மெஹருன்னிசா அந்தச் சீட்டை நாத்தனாரின் முன்னால் விரித்தாள். முழுக்க இங்கிலீஷ் எழுத்து. காலிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல உன் பேருதான் இருக்கு. அங்கன பதியுறப்பவே உன் பேரக் குடுத்துட்டேன்."

"எனக்கு என்ன மதினி?"

"உனக்கு ஒன்னுமில்ல. புள்ளைக்குச் சீனி வியாதின்னு தெரிஞ்சா திருப்பாலைக்குடிக்காரங்க நிச்சயத்த முறிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. உனக்குன்னு சொன்னா யாரு என்ன கேக்கப் போறா? உனக்கு இனிமே கல்யாணமா காட்சியா?"

கடைசி வார்த்தையை மெஹருன்னிசா குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அதனால்தான் அது காலிதாவுக்குள் ஆழமாக இறங்கியது.

பதினேழு வயசுப் பெண்ணின் உடம்பில் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. தினமும் காலையில் இருபது யூனிட் இன்சுலின் ஏற வேண்டும். நாலைந்து நாள் விட்டுப்போனால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தைக் கொழும்பில் கடை வைத்திருக்கும் நஃபீசாவின் வாப்பா, காலிதாவின் அண்ணன் நெய்னா முகம்மது அனுப்பிவிடுவார். ஊசியை நோயாளி தானே போட்டுக்கொள்ள வேண்டும், ஊர் டிஸ்பென்சரியில் பழக்கிவிடவும் என்று சீட்டு சொன்னது. சீட்டின்படி நோயாளி காலிதா. ஆகவே பழகப் போனவளும் காலிதா.

அவளுக்கு முப்பத்து நாலு வயசு. புருஷன் மன்னார்ப் பக்கம் தோணியோடு போய்த் திரும்பாமல் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள், எல்லோரும் படுத்த பிறகு படுத்தாள். அவளை யாரும் திட்டியதில்லை. சில நாள் சூரியன் உதித்து அடையும் வரை யாரும் அவளிடம் பேசியதும் இல்லை. அந்த மௌனத்துக்கு அவள் பழகிப்போயிருந்தாள். உப்புக் காற்றுக்குக் கதவுக் கொண்டி பழகுவதுபோல, துருப்பிடித்துக்கொண்டே.

பெரியபட்டினம் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் சேதுராமன் உப்பூர்க்காரர். கட்டு கட்டுவதும் கலவை மருந்து ஊற்றுவதுமாக வருஷங்கள் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, ஒருத்திக்கு ஊசி போடக் கற்றுக்கொடு என்று மதுரை டாக்டரிடமிருந்து வந்த சீட்டு பெரிய மரியாதையாகப் பட்டது. அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

முதல் வாரம் முழுக்க நுங்கில் பாடம் நடந்தது. தோல் சீவிய நுங்கை ஒரு தட்டில் வைத்தார். ஆயா பூமயில் பக்கத்தில் நின்றாள்.

"இதுதான் உங்க தொடைன்னு வச்சுக்கங்கம்மா. தோலு லேசா இழுக்கும், அப்புறம் மெத்துன்னு உள்ள போகும். சிரிக்காத பூமயிலு."

"தொடை இம்புட்டு வழுவழுன்னு இருந்தா நான் ஏன்யா ஆயா வேலைக்கு வாரேன்?"

காலிதா முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். தான் சிரித்த சத்தம் தனக்கே புதிதாக இருந்தது.

கண்ணாடிச் சிரிஞ்சைத் துணியில் சுற்றிக் கொதிக்க வைப்பது, ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு எடுப்பது, மருந்துப் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுவது, முதலில் காற்றை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு மருந்தை இழுப்பது, குமிழி தெரிந்தால் விரலால் சுண்டி மேலேற்றி வெளியேற்றுவது. எல்லாம் ஐந்து நாளில் வந்துவிட்டது. அந்த வாரம் மதினி தனக்குப் போட்டுவிடுவதாகக் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு, அன்றன்று கற்றதை வைத்து வீட்டில் நஃபீசாவுக்குக் காலிதாவே ஊசி போட்டாள். தினமும் அவள் ஒரு சிறு புட்டியில் கொண்டுபோன மூத்திரத்தைக் கம்பவுண்டர் நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவார். அது சீனி இருப்பதைக் காட்டிச் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவார். புட்டியிலிருந்தது நஃபீசாவினுடையது.

எட்டாம் நாள் அவர் நுங்கை நகர்த்தி வைத்தார்.

"இன்னைக்கு மருந்து. உங்க கையால, உங்க தொடையில. நான் வெளிய நிக்கிறேன். பூமயிலு கூட இருந்து பாத்துச் சொல்லுவா."

காலிதா திரைக்குள் போனாள். இதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை, மதினியும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பூமயிலின் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லாத தன் உடம்பில் இருபது யூனிட்டையும் அவளே ஏற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பாதி வழியில் கால் துவண்டது. வேர்வை முதுகில் ஓடியது. தெரு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஆடியது. சதக்கின் மளிகைக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு கருப்பட்டி ஒரு துண்டு கேட்டாள்.

"உங்களுக்கா? ஆகாதே தாயி! கம்பவுண்டரு சொல்லிட்டுப் போயிருக்காரு, காலிதாவுக்கு இனிப்பக் கண்ணுலயும் காட்டாதீகன்னு. நாளைக்கு அல்லா என்னையல்ல கேப்பான்?"

"ஒரே ஒரு துண்டு காக்கா," என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினாள்.

"அட, வாயக் கட்டுங்க தாயி. உசுரு முக்கியமா ருசி முக்கியமா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சுவரைத் தடவித் தடவி அவள் வீடு வந்து சேர்ந்தபோது பேச்சு குழறியது. நஃபீசாதான் ஓடிவந்து தாங்கினாள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகப் புகட்டினாள். கண் தெளிந்ததும் காலிதா பார்த்தது அந்தப் பெண்ணின் அழுத முகத்தை.

"எனக்காகத்தான மாமி இம்புட்டும்? எனக்கே கத்துக்குடுத்துருங்க மாமி. நானே போட்டுக்கிடுவேன்."

"நாளைக்கு," என்றாள் காலிதா.

இன்னும் இரண்டு நாள் அவள் தனக்கே மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. போவதற்கு முன்னால் வயிறு நிறையச் சோறும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சேதுராமன், "காலிதாம்மா மாதிரி சுத்தமா ஊசி போடுற ஆளு இந்த ஜில்லாவுலயே கிடையாது," என்று பூமயிலிடம் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்த நடை வேறு நடையாக இருந்தது.

அதன் பிறகு காலை நேரம் அவளுடையதாயிற்று. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புது மண்பானையில் போட்ட ஈரமணலுக்குள்ளிருந்து மருந்துப் புட்டியை எடுத்து நஃபீசாவுக்கு ஊசி போடுவாள். அவள் அடுப்படிக்கு வந்தால் மற்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். மெஹருன்னிசா, "காலிதா, சாப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினாள். தெருப் பெண்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். இல்லாத சீக்குக்காகக் கிடைத்த அந்த விசாரிப்பு, ஒன்பது வருஷத் துக்கத்துக்குக் கிடைத்ததைவிட அதிகம். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். பசித்தவளுக்குச் சோறு யார் வீட்டுச் சோறு என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் நஃபீசா மறுபடி கேட்டாள்.

"புது வீட்டுக்குப் போனா நான் என்ன செய்ய மாமி? யாரு போடுவா?"

"நான் வாரேன்ல உன் கூட. உங்கும்மா சொல்லியாச்சு."

"எம்புட்டு நாளைக்கு வருவீக? எனக்குப் பழக்கி விடுங்க. இந்தா பாருங்க, நுங்கு வாங்கி வச்சிருக்கேன்."

தட்ட முடியவில்லை. காலிதா சிரிஞ்சைக் கொடுத்தாள். நஃபீசா இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். புட்டியை உருட்டினாள், தண்ணீரை இழுத்தாள், குமிழியைச் சுண்டினாள். காலிதாவுக்கு ஐந்து நாள் பிடித்த வேலை அந்த விரல்களுக்கு முதல் தடவையிலேயே வந்தது. ஊசி நுங்குக்குள் மெத்தென்று இறங்கியது.

பெண் நிமிர்ந்து சிரித்தாள். காலிதா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இவளுக்கு வந்துவிட்டது, இனி நான் எதற்கு? திருப்பாலைக்குடிக்கு எதற்கு? மறுபடியும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடவா? இவ்வளவையும் அவள் வார்த்தையாக நினைக்கவில்லை. கைதான் முந்திக்கொண்டு சிரிஞ்சைப் பிடுங்கியது.

"தப்பு. உள்ள காத்து நின்னுருச்சு."

"எங்க மாமி? சுண்டிவிட்டேனே."

"உன் கண்ணுக்குத் தெரியாது. கடுகளவு காத்து ஏறிட்டாப் போதும், நெஞ்சடைச்சு அங்கனயே ஆளு போயிரும். வெளையாட்டா இது?"

அப்படிக் கம்பவுண்டர் சொல்லவே இல்லை. தோலுக்கடியில் சிறு குமிழி போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, அளவுதான் குறையும் என்றுதான் சொல்லியிருந்தார். நஃபீசாவின் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. அன்றுமுதல் அவள் கேட்கவில்லை. ஊசி போடும் நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒவ்வொரு காலையும் ஒரு சமயம் வந்தது. ஒவ்வொரு காலையும் காலிதா, நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டாள்.

நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை கபீர் கொழும்பில் கடை வைத்திருந்தவன், நல்ல பையன். ஒரு மாதம் இருந்துவிட்டுத் தனுஷ்கோடியில் கப்பலேறினான். பெண்ணோடு துணைக்கு வந்த அத்தை என்று காலிதாவைத் திருப்பாலைக்குடி வீட்டில் பாயில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவளுக்குச் சீனி வியாதி, தினமும் ஊசி என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் அடுக்களையில் வெளிப்படையாகவே சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போவாள். சிறிது நேரத்தில் நஃபீசா அங்கே வருவாள். கதவு சாத்தப்படும். அந்த நாற்பது நாளும் காலிதா வாழ்க்கையில் நல்ல நாட்கள். இதைப் பின்னால் அவள் தனக்குள் மறுத்துப் பார்த்தாள்; முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் உம்மு ஹபீபா அவளை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"தப்பா நெனைக்கக் கூடாது நீங்க. தெருவுல பேசுறாக. புதுப்பொண்ணு உண்டாகப் போற நேரத்துல சீக்காளி கூடப் படுத்து எந்திரிச்சா ஒட்டிக்கிடும்ங்குறாக. நாளைக்கு மொத பஸ்ஸுல உங்களை அனுப்பி வைக்கலாம்னு இருக்கேன். பழம், தேங்கா எல்லாம் கட்டியாச்சு."

மரியாதையாகத்தான் சொன்னாள். அதில் எதிர்த்துப் பேச எந்த இடமும் இல்லை.

மறுநாள் காலை நஃபீசாவுக்கு ஊசி போட்டு முடித்ததும் காலிதா கதவில் சாய்ந்துகொண்டு, அவள் கையில் வெறும் சிரிஞ்சைத் திணித்தாள்.

"நாளையில இருந்து நீயே போட்டுக்க. அன்னைக்கு நுங்குல போட்டியே, அம்புட்டுத்தான்."

"ஐயோ, நான் மாட்டேன் மாமி. காத்து ஏறிட்டா?"

"காத்து ஏறினா ஒன்னும் ஆகாது. நான் பொய் சொன்னேன்."

நஃபீசா அவளை உற்றுப் பார்த்தாள். "இப்பப் போகணும்னதும் எனக்குத் தைரியம் வரணும்னு சொல்லுறீக. எனக்குத் தெரியும்."

"அல்லா மேல ஆணையா, புள்ள. அன்னைக்குத்தான் பொய் சொன்னேன்."

"எதுக்கு மாமி நீங்க என்கிட்டப் பொய் சொல்லப் போறீக?"

எதற்கென்று சொல்லியிருந்தால் ஒருவேளை பெண் நம்பியிருப்பாள். தெருவில் பஸ்ஸுக்குப் போகும் வண்டி வந்து நின்றது. நஃபீசா சிரிஞ்சை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

காலிதா கதவைத் திறந்துகொண்டு நேரே உம்மு ஹபீபாவிடம் போனாள். சொல்லிவிட்டாள். சீக்கு எனக்கில்லை, உங்கள் மருமகளுக்கு. ஊசி இல்லாவிட்டால் நாலைந்து நாள்தான்.

உம்மு ஹபீபாவின் குரல் மாறியது.

"இங்கன சோறு நல்லாயிருக்குன்னு, உன் சீக்க அந்தப் பச்சப்புள்ள தலையில கட்டப் பாக்குறியா? கம்பவுண்டரு வச்சிருக்குற சீட்டு உன் பேருலதான இருக்கு? பெரியபட்டினத்துல ஊரு பாக்க நீதான ஊசி போட்டுக்கிட்ட? நஃபீசா, இங்க வாம்மா. உனக்கு ஏதும் சீக்கு இருக்கா?"

மதுரையிலிருந்து வந்த அன்றே மெஹருன்னிசா மகளின் கையைக் குர்ஆன் மேல் வைக்கச் சொல்லி, சீக்கை யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். நஃபீசா தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்னுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

உம்மு ஹபீபா பின்னறைக்குப் போய் மருந்துப் பெட்டியைத் தானே எடுத்துவந்து காலிதாவின் பைக்குள் வைத்தாள். அவள் பொல்லாதவள் இல்லை. "உசுரு மருந்து. மறந்து வச்சுட்டுப் போயிராத," என்றாள்.

சாயங்காலம் பெரியபட்டினம் வந்து சேர்ந்த காலிதா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், காற்றுப் பொய்யைத் தவிர. மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லிப்புட்டியா? என் மக வாழ்க்கைய நாசம் பண்ணிப்புட்டியே!"

"யாரும் நம்பல மதினி. நீங்க வந்து சொன்னா நம்புவாக. இப்பவே கெளம்புவோம்."

"எதச் சொல்லச் சொல்லுற? இன்னைக்குப் போட்டுட்டுத்தான வந்திருக்க? ரெண்டு மூணு நாள் தாங்கும். வெறுங்கையோட பதறிக்கிட்டுப் போய் நின்னா அவுங்களுக்குச் சந்தேகம்தான் வரும். வெள்ளிக்கிழமை விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி முறையாப் போவோம். இங்கன கூட்டியாந்து வச்சுக்கிட்டு அப்புறம் யோசிப்போம்."

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை முழுக்க மெஹருன்னிசா சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போக வட்டிலப்பம் அவித்தாள். காலிதா தேங்காய் திருவிக் கொடுத்தாள். தனியாகப் போயிருக்கலாம், கம்பவுண்டரிடம் ஓடி உண்மையைக் கொட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அவள் தேங்காய் திருவினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உம்மு ஹபீபா முகமெல்லாம் மலர்ச்சியாக வாசலுக்கு வந்தாள். காலிதாவைப் பார்த்ததும் உதடு சுருங்கியது. ஆனால் சந்தோஷம் பெரியதாக இருந்தது.

"வாங்க, வாங்க. நல்ல சேதிதான், இன்ஷா அல்லா. மூணு நாளா ஒரே வாந்தி புள்ளைக்கு. தண்ணி தண்ணின்னு தவிக்கிறா. நான் சர்பத்தாப் போட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்குத்தான் அசந்து தூங்குறா."

தூக்கம் இல்லை அது. நஃபீசா வாயைத் திறந்து ஆழம் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அறையில் பழம் அழுகிய வாடை. தலைமாட்டில் பாதி குடித்த சர்பத் டம்ளர். மெஹருன்னிசா மகளின் பெயரைச் சொல்லி உலுக்கினாள். கண் இமை அசையவில்லை.

காலிதா பெட்டியைத் திறந்தாள். கொதிக்க வைக்கவில்லை, துடைக்கவில்லை. இழுத்த அளவு எவ்வளவென்றும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பெண்ணின் கையைப் பற்றி ஊசியை இறக்கினாள்.

"ஏய்! என்னடி பண்ணுற? உன் ஊசிய எதுக்குடி அவளுக்குக் குத்துற?" உம்மு ஹபீபா பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் மருந்து ஏறிவிட்டிருந்தது.

ராமநாதபுரத்துக்குக் கார் கேட்டு ஆள் போயிற்று. கார் வருவதற்கு முன்னால், பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில், நஃபீசா மூச்சடங்கி மவுத்தானாள்.

மையித்தைக் குளிப்பாட்டத் தெருப் பெண்கள் வந்தபோது மெஹருன்னிசா எழுந்து நின்று, யாரும் உள்ளே வரவேண்டாம், என் மகளை நானே குளிப்பாட்டுகிறேன் என்றாள். பெற்றவள் துக்கம் என்று விட்டுவிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. அந்த உடம்பில் தெருப் பெண்கள் எதையெல்லாம் பார்த்துவிடக் கூடாது என்று காலிதாவுக்குத் தெரியும். ஊசித் தடங்கள்; ஒவ்வொன்றும் காலிதாவின் கை வைத்த அடையாளம்.

முற்றத்தில் உம்மு ஹபீபாவின் குரல் உடைந்து கிடந்தது. "நான் கண்ணால பாத்தேன். அவ சீக்கையெல்லாம் அந்த ஊசியில ஏத்தி என் மருமக உடம்புல விட்டா. பொறுக்கல இவளுக்கு. இங்க இருந்து அனுப்பிட்டோமேன்னு பொறுக்கல. இவதான் கொன்னா."

பெண்கள் எல்லோரும் காலிதாவைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல அவள் வாய் திறந்தது. ஊசியால் கொல்லவில்லை. அதுவரை சொல்லலாம். அதற்கு மேல் யாராவது ஒரு வார்த்தை கேட்டால், காற்றுப் பொய்யையும் சொல்ல வேண்டிவரும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. மெஹருன்னிசா முழங்கை வரை நனைந்து வாசலில் நின்றாள். முற்றத்தில் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். மெல்லிய பலகைக் கதவு. பெண்களின் கண்கள் காலிதாவை விட்டு அவளுக்குப் போயின. அவள் நாத்தனாரை ஒருதரம் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு குடம் தண்ணி வேணும்," என்றாள்.

காலிதா எழுந்து குடத்தைப் பிடித்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீ தொடாத," என்று சொல்லிவிட்டு, காலிதாவின் கை பட்ட குடத்தின் கழுத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள்.